மலாக்காவா, ஜார்ஜ் டவுனா? விருந்தினரை எங்கே அழைத்துப் போவது

ஊரிலிருந்து கோலாலம்பூருக்கு உறவினர் வந்தால், இரட்டைக் கோபுரமும் பத்துமலையும் பார்த்து முடித்த கையோடு இந்தக் கேள்வி எழும். இரண்டுமே பழைய தலைநகரங்கள். மலாக்கா சுல்தான்கள் ஆண்ட ஊர். பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் 1826 முதல் 1832 வரை நீரிணைக் குடியேற்றங்களின் (ஆங்கிலேயர் ஆண்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) தலைநகர். 2008இல் யுனெஸ்கோ இரண்டையும் ஒரே பதிவாக உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கையில் ஒரே நாள்தான் என்றால் மலாக்காவே சரி. கோலாலம்பூரின் தெற்கு பஸ் நிலையமான டிபிஎஸ் முனையத்தில் காலை பஸ் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரம். பஸ் நிற்பது மலாக்கா சென்ட்ரலில்; பழைய நகரம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 17ஆம் எண் பஸ்ஸோ, செயலியில் அழைக்கும் கிராப் வாடகைக் காரோ பிடிக்க வேண்டும். ரயிலை நம்பிப் புறப்படாதீர்கள்: அருகிலுள்ள நிலையம் புலாவ் செபாங், நகரத்திலிருந்து வெகு தூரம்.

சுல்தான் அரண்மனையைப் பார்க்கும் ஆசையோடு வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இப்போது நிற்பது 1980களில் கட்டிய மர மாதிரி. 1511இல் நகரைப் பிடித்த போர்த்துகீசியர் கட்டிய கோட்டையிலும் ஒரு வாயில்தான் மிச்சம். மற்றதை ஆங்கிலேயர் 1807இல் இடித்தார்கள். மேலே செயின்ட் பால் குன்றில், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாரின் உடல் 1553இல் கோவாவுக்குப் போகுமுன் வைக்கப்பட்டிருந்தது. படி செங்குத்து, முட்டிவலி உள்ளவர்களைக் கீழேயே உட்கார வையுங்கள்.

தமிழர் தவறவிடக் கூடாதது பொற்கொல்லர் தெருவிலுள்ள பொய்யாத விநாயகர் கோயில். 1781இல் எழுந்தது, மலாக்கா செட்டிகளுடையது. பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்து, வீட்டில் மலாய் பேசி, போகிக்கு முன்னோர்க்குப் படையல் வைக்கும் மக்கள் அவர்கள். நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால், இதை முதலில் பார்த்துவிட்டுக் குன்றுக்குப் போங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் ஜோங்கர் தெருவை இரவுச் சந்தைக்காக அடைத்துவிடுவார்கள். காரில் போனால் ஆற்றின் குன்று இருக்கும் கரையிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது.

ஜார்ஜ் டவுனுக்கு இரண்டு இரவு ஒதுக்க முடியாவிட்டால் போகவே வேண்டாம். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து ஈடிஎஸ் மின்சார விரைவு ரயிலில், தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிறகு ஃபெர்ரி. ஒரே நாளில் போய்த் திரும்பினால் பாதிப் பொழுது பயணத்திலேயே கரைந்துவிடும். பள்ளி விடுமுறையில் ஈடிஎஸ் இருக்கைகள் முன்பே தீர்ந்துவிடும். ஃபெர்ரி இப்போது கார் ஏற்றுவதில்லை. காரில் வருபவர்களுக்குப் பாலம்தான் வழி.

ஆனால் தங்கிவிட்டால் எங்கள் ஓட்டு இதற்கே. யுனெஸ்கோ பதிவில் மலாக்காவின் மையப் பகுதி சுமார் 45 எக்டேர், ஜார்ஜ் டவுனுடையது 109. இங்கே பழைய கடைவீடுகளில் இன்னும் வியாபாரம் நடக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை 1801இல் நிறுவியவர் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன். அங்கிருந்து சில நிமிட நடையில் குயின் தெரு மகா மாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது. அதைச் சுற்றி லிட்டில் இந்தியா, பூக்கடை, நாசி கண்டார் எனும் சோறு-குழம்புக் கடை. கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடி நடைபாதை வீட்டுக்கு வீடு ஏறி இறங்கும், சக்கர நாற்காலி ஓடாது. காலை 9 மணிக்குள் நடக்கத் தொடங்கி, உச்சி வெயிலில் அறைக்குத் திரும்பி, 4:30க்குப் பிறகு மீண்டும் இறங்குங்கள்.

பினாங்கு மலை எனப்படும் கொடிமலைக்கு இரண்டாம் நாள் அதிகாலையே போங்கள். விடுமுறை நாளில் பத்து மணிக்கு மேல் மலையேறும் ரயிலுக்கு வரிசை நீண்டுவிடும். தைப்பூச வாரத்தில் வருவதாக இருந்தால் அறையை முதலில் உறுதி செய்யுங்கள், ரயில் சீட்டு அதன் பிறகு.