பழைய கல் ஆலயத்துக்கு நிலநடுக்க ஆய்வு: களப்பணிக்கு முழு மதிப்பெண், அறிக்கைக்குப் பாதி

எங்கள் கிறிஸ்தவப் பங்கின் (ஆலயத்தைச் சேர்ந்த சமூகத்தின்) பழைய கல்கட்டு ஆலயம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று மதிப்பிட ஒரு பொறியியல் நிறுவனத்தை அமர்த்தினோம். கட்டடக் குழுவில் இருப்பவள் என்ற முறையில் ஆய்வு முழுவதும் அவர்களுடனேயே இருந்தேன். இதே வேலைக்கு ஆள் தேடும் மற்றப் பங்குகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வந்ததும் அவர்கள் கேட்டது ஏணியும் கூரைக்குள் ஏறும் வழியும்தான். அப்போதே எனக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. முகப்புச் சுவரும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் ஒரு விரிசல் இருக்கிறது. பூச்சு வெடிப்பு என்று சொல்லிச் சொல்லிப் பல தலைமுறையாகச் சுண்ணாம்பு பூசி மறைத்து வந்தது அது. கீழே நகம்கூட நுழையாது. கூரையை நெருங்கும் இடத்தில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. மேலே போகப் போக அகலும் விரிசல், முகப்பு வெளிப்பக்கம் சாயத் தொடங்கியதன் அடையாளம் என்று விளக்கினார்கள். அந்த மூலையில் கற்கள் ஒன்றோடொன்று கோத்துக் கட்டப்படவே இல்லை. பக்கச் சுவர் முடிந்த இடத்தில் முகப்பைத் தனியாக எழுப்பியிருக்கிறார்கள். சுவரில் சாய்த்து வைத்த பலகை போலத்தான் அது நிற்கிறது.

வீடுகளில் குறுக்குச் சுவர்களும் மாடித் தளங்களும் சேர்ந்து சுவர்களைப் பிடித்துக்கொள்ளும். ஆலயத்தின் நடுக்கூடத்தில் அப்படி எதுவும் கிடையாது. நீளமான, உயரமான சுவர்கள் மட்டுமே. 1976-இல் இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் நிலநடுக்கத்தால் சிதைந்த ஆலயங்களை ஆராய்ந்தவர்கள், முகப்பு, பீடத்தின் பின்சுவர், வளைவுகள், மணிக்கோபுரம் என்று ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகவே பிரிந்து விழுவதைக் கண்டார்கள். அந்த வழியில் உருவான இத்தாலிய வழிகாட்டுதல் 28 வகையான சேதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பலவீனம் எவ்வளவு, தடுக்கும் ஏற்பாடு எவ்வளவு என்று மதிப்பெண் போடச் சொல்கிறது. எங்கள் ஆலயத்தையும் அந்த முறையில்தான் பார்த்தார்கள்.

கல் வளைகூரையின் மேற்புறத்தில், முன்பு நடந்த பழுதுபார்ப்புகளில் கொட்டிய ஓட்டுத் துண்டும் சாந்துக் கட்டியும் மலையாகக் கிடந்தன. இத்தாலியின் அசிசியில் 1997 செப்டம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கத்தில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் வளைகூரை இடிந்து நான்கு பேர் இறந்ததற்கு, வளைகூரையின் மேல் சேர்ந்திருந்த இப்படிப்பட்ட தளர்ந்த நிரப்புப் பொருளும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதைக் கேட்டபின் எங்கள் குழு உடனே அந்தக் குப்பையை அகற்ற ஒப்புக்கொண்டது.

நான் மிகவும் ரசித்தது இழுகம்பிச் சோதனை. வளைவுகள் விரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகளில் சிறிய உணர்கருவியைப் பொருத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி, அதிர்வெண்ணிலிருந்து இழுவிசையைக் கணக்கிட்டார்கள். ஒரு கம்பி மட்டும் மந்தமாக ஒலித்தது. வெளியே போய்ப் பார்த்தால், அதன் நங்கூரத் தகடு (கம்பியின் முனையைச் சுவரோடு பிடித்துவைக்கும் இரும்புத் தகடு) துருப்பிடித்துக் கல்லை விட்டு விலகியிருந்தது. சுவரில் மெல்லிய துளையிட்டுக் கேமராவும் செலுத்தினார்கள்: வெளியே ஒழுங்காகச் செதுக்கிய கல், உள்ளே சல்லியும் உதிர்ந்த சாந்தும்.

குறை அறிக்கையில்தான். இத்தனையையும் கண்ணால் கண்டவர்கள், முதல் பக்கங்களில் வண்ண வண்ணமான கணினிப் படங்களை நிரப்பி, ஆலயம் முழுவதும் ஒரே திடமான பொருள் என்று வைத்துக் கணக்கிட்டு, ஒற்றை எண்ணை முடிவாகத் தந்தார்கள். பங்குப் பேரவை அந்த எண்ணைப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று நிம்மதி அடைந்துவிட்டது. முகப்பு கவிழும் கணக்கோ பின்னிணைப்பில் ஒளிந்திருந்தது! நான் கணக்கு ஆசிரியை. அதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். எதோடும் பிணைக்காத ஒரு தனிச்சுவர், 1 மீட்டர் தடிமனும் 10 மீட்டர் உயரமும் கொண்டதாக இருந்தால், அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தள்ளினாலே அடியில் ஒரு பக்கம் எழும்பத் தொடங்கும். உடனே விழுந்துவிடாது, ஆனால் ஆட்டம் தொடங்கிவிடும். ஆளை நெருடவேண்டிய செய்தி இதுதான். இதை முதல் பக்கத்தில் வைக்காமல் போனது பெரிய தவறு.

மணிக்கோபுரத்தைத் தனியாக ஆராய்ந்தார்கள். அது நடுக்கூடத்தின் மீது மோதினால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. கேட்டபின் துணை அறிக்கை தந்தார்கள், முகம் சுளிக்காமல். இப்போதைய விரிசல்கள் அடுத்த அதிர்வில் என்ன ஆகும் என்பதையும் அதில் சேர்க்கச் சொன்னோம். இத்தாலியின் நோர்ச்சா நகரிலுள்ள புனித பெனடிக்ட் பேராலயம் 2016 ஆகஸ்ட் அதிர்வில் நின்றது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று வந்த அதிர்வில் முகப்பை விட்டுவிட்டுப் பெரும்பகுதி சரிந்தது. ஒரு முறை தப்பித்தது மறுமுறைக்கு உத்தரவாதம் ஆகாது.

குழுவில் சிலர் மரக்கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் போட ஆசைப்பட்டார்கள். நிறுவனத்தார் உறுதியாக மறுத்தார்கள். பலவீனமான கல் சுவரின் தலையில் பாரத்தை ஏற்றினால் நிலநடுக்க விசையும் கூடும் என்றும், அப்படிச் செய்த ஆலயங்கள் இத்தாலியில் மோசமாகச் சேதமடைந்தன என்றும் பொறுமையாக விளக்கினார்கள். பெரிய வேலை ஒன்றைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்க்காத அந்த நேர்மைக்காகவே அவர்களைப் பரிந்துரைக்கிறேன்.

முகப்பைப் பக்கச் சுவர்களோடு பிணைக்கப் புதிய இழுகம்பிகள் போடும் வேலைக்கும் அவர்களையே மேற்பார்வைக்கு வைத்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தோம்: இனி எந்த அறிக்கையிலும் ஒவ்வொரு பகுதியின் முடிவும் முதல் பக்கத்திலேயே, எளிய தமிழில், தனித்தனியாக இருக்கவேண்டும்.