வாளின் குறை, கொல்லனின் குறை: மேசை ஆட்ட விதிகள் ஓர் ஒப்பீடு

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையிலோ ஜார்ஜ் டவுனில் ஒரு வீட்டு வரவேற்பறையிலோ கதைமாந்தராக நடித்துப் பகடை உருட்டும் மேசை ஆட்டத்துக்கு ஐந்து பேர் கூடினால், தே தாரிக் வந்து, ரொட்டி சானாய் தீர்ந்து, பகடையைக் கையில் எடுத்த பிறகு உருப்படியாக மிஞ்சுவது மூன்று மணி நேரம். ஆயுதம் செய்யும் விதியையும் கதைமாந்தரின் குறையையும் வடிவமைப்பவர் முதலில் எண்ண வேண்டியது அந்த 180 நிமிடத்தைத்தான். கொல்லர் வாள் அடிக்கும்போது மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? படிக்க அழகாக இருக்கும் பல விதிகள் இந்தக் கேள்வியில் அடிபட்டுப் போகின்றன.

ஆயுதப் பட்டறைக்கு முதல் வழி, விலையையே நேரமாக மாற்றுவது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி, பொருளின் விலையில் பாதிக்கு மூலப்பொருள் வாங்க வேண்டும். ஒரு நாள் உழைத்தால் 5 பொற்காசு மதிப்புக்கு வேலை நகரும். 15 பொற்காசு நீள்வாள் மூன்று நாளில் முடியும். 1,500 பொற்காசு தகட்டுக் கவசத்துக்கு 300 நாள். 2024 விதிகளில் நாளுக்கு 10 பொற்காசு என்றானதால் அது 150 நாளாகக் குறைந்தது. இரண்டு நிமிடத்தில் கணக்கு முடிந்துவிடும், அது பெரிய பலம். ஆனால் விலை வேறு, உழைப்பு வேறு. கெரிஸ் எனும் மலாய்க் குத்துவாளின் பிடிக்குத் தங்கம் வேய்ந்தால் விலை பல மடங்கு ஏறும். அதன் அலகு உலையில் எடுக்கும் நேரம் மாறாது. இந்த விதியிலோ தங்கம் ஏற ஏற கொல்லரின் நாளும் ஏறும். கொல்லரின் திறமை என்பது கடைப் பொருளைப் பாதி விலைக்குப் பெறும் சலுகையாகச் சுருங்கிவிடுகிறது.

ஒரே உருட்டலில் முடிப்பது அடுத்த வழி. 20 பக்கப் பகடையில் விழுந்ததோடு திறமைக்கு 5 கூட்டி (+5), இலக்கான 15ஐ எட்ட வேண்டும் என்றால் வெற்றி வாய்ப்பு 55 விழுக்காடு. தோற்றால் 'வாள் சரியாக வரவில்லை' என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை; மறுநாள் மீண்டும் உருட்டுவார்கள். உடைந்த பாராங் கத்தியை அவசரத்துக்குச் சரிசெய்ய இதுவே போதும்.

மூன்றாவது, படிப்படியாக அடிப்பது. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஒரு பெரிய இலக்குக்குப் பதில் மூன்று சிறிய இலக்கு வைத்தால் எளிதாகும் என்று எண்ணி, படிக்கு 12 என்று வைப்பார்கள். +5 உள்ளவருக்கு ஒரு படியில் 70 விழுக்காடு. மூன்றும் கைகூட 34 விழுக்காடுதான். இலக்கை 10 ஆக இறக்கினாலும் 51. ஒற்றை உருட்டலைவிட இது கடினம்! இலக்கை மேலும் இறக்கிக்கொண்டே போவதைவிட, தோல்வி என்றால் என்ன என்பதையே மாற்றுவது நல்லது: படியில் தோற்றால் வேலை நிற்காது, ஆயுதத்தில் ஒரு குறை தங்கும்.

என்ன குறை என்பதை உலைக்களமே எழுதித் தருகிறது. கெரிஸ் அலகு இரும்பு அடுக்குகளை அடித்து ஒட்டவைத்தது. நிக்கல் கலந்த அடுக்குதான் பாமோர் எனும் வெளிர்வரியைக் காட்டும். அடுக்குகளுக்கு நடுவே கசடு மாட்டினால் ஒட்டுப் பிடிக்காது. ஆகவே முதல் படியின் குறை 'அடுக்குப் பிரியும்': தாக்கும்போது 1 விழுந்தால் ஆயுதத்தின் சேதம் நிரந்தரமாக 1 குறையும். மூசை எனும் மண்கலத்தில் உருக்கிய தென்னிந்திய எஃகில் கரிமம் மிகுதி. சூடு மிஞ்சினால் சம்மட்டிக்கு அடியிலேயே நொறுங்கும். அதற்கு இந்தப் படியில் இலக்கைக் கூட்டுங்கள்.

இரண்டாவது படி தோய்ச்சல். செக்கச்சிவந்த அலகை நீரில் இட்டால் சட்டென்று இறுகும், விரிசலும் விடும். எண்ணெய் மெதுவாகக் குளிர்விப்பதால் விரிசல் பயம் குறைவு, இறுக்கமும் சற்றுக் குறைவு. நீருக்கு இலக்கு 14, வென்றால் சேதம் +1. எண்ணெய்க்கு இலக்கு 10, கூடுதல் எதுவுமில்லை. ஆட்டக்காரர் உட்கார்ந்து யோசிக்கும் இடம் இது. மூன்றாவது பதம் பார்ப்பது: அலகை மறுபடி 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் இளஞ்சூட்டில் காட்டுவது. வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கூர் நிற்கும், நீலம் வரை விட்டால் முறியாமல் தாங்கும். இதைத் தவிர்த்த அலகு கண்ணாடி மாதிரி. கேடயத்தில் பலமாகப் பட்டால் துண்டாகும்.

துருத்தி ஊத ஒருவர், சம்மட்டி போட ஒருவர், நிறம் பார்க்க ஒருவர் என்று ஒவ்வொரு படியிலும் வேறொருவரை உருட்டச் சொன்னால் கொல்லர் மட்டும் ஆடும் நிலை போய்விடும். இரும்பு தேடுவதே ஒரு பயணமாகலாம். கெடாவில் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அகழ்ந்த இடத்தில் இரும்பு உருக்கும் உலைகளும் துருத்திக் குழாய்களும் கிடைத்திருக்கின்றன; பினாங்குக்காரர்களுக்குக் கடாரத்தைக் களமாக வைக்க வேறு தூண்டுதல் வேண்டாம்.

ஆளின் குறைக்கு வருவோம். கர்ப்ஸ் எனும் ஆட்டத்தின் நான்காம் பதிப்பில் குறை முன்பணம் மாதிரி: ஆளை உருவாக்கும்போதே, திறமை வாங்கப் புள்ளி கிடைக்கும். முன்கோபத்துக்கு 10 புள்ளி. மூன்று ஆறுபக்கப் பகடையில் 12க்குள் விழுந்தால் அடக்கிக்கொள்வார், அது 74 விழுக்காடு. 9 என்று தேர்ந்தால் 15 புள்ளி, ஆனால் அடக்கும் வாய்ப்பு 37.5 ஆக இறங்கும். பகடையே தீர்ப்புச் சொல்வதால் வாக்குவாதம் இல்லை. மாதக்கணக்கில் நீளும் ஆட்டத்துக்கு இது உறுதியானது. ஆனால் மலையிலேயே நடக்கும் கதைக்குக் கடல் பயத்தை எழுதிப் புள்ளி வாங்குவோர் எங்கும் உண்டு. ஐந்து பேருக்கு ஆளுக்கு நான்கு என்றால் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் 20 குறைகளை நினைவில் வைக்க வேண்டும். மறந்தால் கொடுத்த புள்ளி இனாம்.

ஃபேட் என்ற ஆட்டமோ குறை கடிக்கும்போதுதான் காசு தரும். கேம் மாஸ்டர் ஒரு புள்ளியை நீட்டுவார். குறையால் வரும் சிக்கலை ஏற்றால் புள்ளி உங்களுக்கு, மறுத்தால் நீங்கள் ஒன்று தர வேண்டும். பிறகு அதைச் செலவழித்து உருட்டலில் +2 பெறலாம். கதையில் வராத குறைக்குக் கூலியே இல்லை. இதன் சிக்கல் நேரம்: ஐந்து பேருக்கு ஆளுக்கு இரண்டு முறை என்றால் 18 நிமிடத்துக்கு ஒன்று நீட்ட வேண்டும், மூச்சு முட்டும். ஆளுக்கு ஒன்று என்று வையுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதியும் குறையை நடித்தால் 'ஊக்கம்' எனும் சலுகை தரும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கையில் இருக்கலாம் என்பதால் சீக்கிரம் மறந்துபோகிறது.

மூன்று மணி நேர மேசைக்கு என் தேர்வு படிப்படியான பட்டறையும் கடிக்கும்போது தரும் காசும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். 'அவசரக்காரன்' என்று மட்டும் எழுதினால் எங்கே கடிக்கும் என்று தெரியாது. 'காத்திருக்கச் சொன்னால் பாதியில் எழுந்துவிடுவான்' என்று எழுதினால் பதம் பார்க்கும் படி தானாகக் கண்ணில் படும். கேம் மாஸ்டர் ஒரு பத்து சென் நாணயத்தை மேசையில் தள்ளி, "தம்பி, வைக்கோல் நிறம் இன்னும் வரல. உன் ஆளு எடுத்துடுவானா?" என்று கேட்பார். எடுத்தால் உருட்டலே கிடையாது: நாணயம் ஆட்டக்காரருக்கு, 'முறியும்' என்ற குறை வாளுக்கு.

அந்த வாளுக்குத் தனி அட்டை போட்டு, குறையோடு அது யாருடைய எந்தக் குணத்தால் வந்தது என்பதையும் எழுதிவிடுங்கள். பின்னால் திருத்த வேண்டுமென்றால் அந்தப் படியிலிருந்து மீண்டும் உலைக்குப் போக வேண்டும். அதே நாணயம் மறுபடியும் நீட்டப்படும். இம்முறை மறுக்கக் கையில் ஒன்று இருக்க வேண்டும்.