படத்தை ஓடிடிக்கு விற்றுத் தருகிறேன் என்று வரும் இடைத்தரகரிடம் ஜாக்கிரதை: ரூ.7,40,000 போய்விட்டது

நேற்று சாயங்காலம்தான் அந்தத் தரகர் ஆபீஸ் பூட்டிக் கிடப்பது தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி சொந்தக் காசில் தயாரித்த சின்னக் குடும்பப் படம். கடலூர் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரியிலும் எடுத்தது. என்.எஸ்.சி. (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு) விநியோக ஏரியாவில் மட்டும் ஒரு வாரம் ஓடியது. போட்டதை எடுக்க மிச்சமிருந்தது டிஜிட்டல் உரிமை, அதாவது ஓடிடியில் காட்டும் உரிமை, ஒன்றுதான். அதை விற்றுத் தருவதாக வந்த ஆளிடம்தான் ரூ.7,40,000 போனது. சென்னையில் ஆபீஸ் வைத்திருந்தவர். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கே வந்தார். லேப்டாப்பில் முழுப் படத்தையும் ஓட்டிவிடாமல் பார்த்தார். கடைசிக் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது அம்மா காலைத் தொட்டு, "உங்க புள்ள காசு ஒரு ரூபா போவாதும்மா, 40 லட்சம் என் பொறுப்பு" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்தார். படம் பார்த்து அழுதவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

முதலில் "ஸ்லாட் புக்கிங்" என்று 1,50,000. உரிமையை வாங்குகிறவர்தான் நமக்குப் பணம் தர வேண்டும், தரகர் கமிஷனை வரும் பணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ்.

அடுத்து மாஸ்டர் (கடைசியாகக் கொடுக்கும் மூல ஃபைல்), கியூசி (அதன் தரப் பரிசோதனை) என்று 2,30,000. தியேட்டருக்குச் செய்த டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் ஃபைல்) ஓடிடிக்கு ஆகாது, ப்ரோரெஸ் 422 ஹெச்கியூ என்ற உயர்தர வீடியோ ஃபைல் தனியாக வேண்டும் என்பது உண்மைதான். 2 மணி நேரப் படம் ஹெச்டியில் 160 ஜிபி அளவுக்கு வரும். 5.1 ஆடியோ, வசனமில்லாமல் இசையும் ஒலிகளும் மட்டும் இருக்கும் எம் அண்ட் இ டிராக், சப்டைட்டில் எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்தோம். "கியூசி ஃபெயில், ஆடியோ சரியில்ல" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. மறுபடி மிக்ஸிங், மறுபடி பணம். நிஜமான கியூசி ரிப்போர்ட்டில் எந்த இடத்தில் லிப் சிங்க் (உதட்டசைவும் குரலும்) விலகியது, எங்கே ஆடியோ அளவு மீறிப் பீக் ஆனது என்று டைம்கோடோடு (நிமிஷம், நொடிக் கணக்கு) பட்டியல் இருக்கும். ஒரு வரியில் ஃபெயில் என்று வந்தால் யாரும் படத்தைப் பார்க்கவே இல்லை.

கடைசி அடிதான் வயிற்றெரிச்சல். "40 லட்சத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 7,20,000. பாதி கட்டினாதான் பேமெண்ட் ரிலீஸ் ஆகும்" என்றார். 3,60,000 கட்டினோம். விற்கிற தயாரிப்பாளர்தான் பில் போடுகிறார். வாங்குகிறவர் 40 லட்சத்தோடு வரியையும் சேர்த்து நமக்குத் தர வேண்டும், அதைத்தான் நாம் அரசுக்குக் கட்டுவோம். பணம் வருவதற்கு முன்னால் வாங்குகிறவர் பக்கத்து ஆளிடம் ஜிஎஸ்டி கட்டுவது என்று ஒன்று கிடையவே கிடையாது. இதைச் சொல்ல ஒரு ஆடிட்டர் போதும், நாங்கள் கேட்கவில்லை.

ஆக ரூ.7,40,000. மூணு வட்டிக்குக் கணக்குப் போட்டால் மாசம் 22,200.

பிறகு போன் போட்டால், "அண்ணே, ஹார்ட் டிஸ்க் மும்பைல இருக்கு." அடுத்த வாரம், "அக்கவுண்ட்ஸ் சார் லீவு." அப்புறம், "தீபாவளி முடியட்டும்ணே." கடைசியில் ஒரு பொண்ணு எடுத்து, "சார் மீட்டிங்ல இருக்காரு" என்று வைத்துவிட்டது. நேற்று கதவில் பூட்டு.

இதைவிட மோசம் அவரோடு போட்ட ஒப்பந்தம். காப்புரிமை (காபிரைட்) சட்டம் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை. எங்கள் பத்திரத்தில் 14ஆம் வரியில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது: பயன்படுத்தாவிட்டாலும் உரிமை திரும்பாது, உலகம் முழுக்க, நிரந்தரம். இப்போது ஒரு டிவிக்காரர் கேட்டும் தம்பியால் கொடுக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க அந்தப் பத்திரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

உங்களுக்கு அவசரமாகச் சொல்வது: உரிமையை விற்கிறவர் நீங்கள், முன்பணம் கட்டாதீர்கள். காலத்துக்கும் ஏரியாவுக்கும் எல்லை வைக்காத பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். ஒன்றும் எழுதாவிட்டால் சட்டப்படி 5 வருஷம், இந்தியா மட்டும் என்றுதான் ஆகும், ஆனால் இவர்கள் நிரந்தரம், உலகம் முழுக்க என்று எழுதிவிடுவார்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தால் அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், நாங்கள் தாமதித்துவிட்டோம்.

இன்னும் நிறைய இருக்கிறது. வக்கீல் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், ரசீதெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.