மடக்குத் தூண்டில் செட்: ராடும் ரீலும் தேறும், நரம்பை நம்ப வேண்டாம்

மடக்கினால் பைக்குள் அடங்கும் 2.1 மீட்டர் ராடு, 2000 அளவு ஸ்பின்னிங் ரீல், அதில் முன்பே சுற்றிய நரம்பு (தூண்டில் நூல்), ஒரு டப்பா நிறைய முள், ஈயம், தக்கை, ரப்பர் மீன். தூண்டில் போடப் பழகுகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இந்த மாதிரி செட்தான். எந்த முத்திரையில் வாங்கினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே. குளத்திலும் சிற்றாற்றிலும் கெண்டை, ஜிலேபி, நடுத்தரக் கெளுத்தி பிடிக்க ராடும் ரீலும் தாராளமாகப் போதும். கூட வரும் நரம்பு உதவாது, டப்பாவிலும் பாதி வீண்.

முதலில் ராடு. மேலே ‘கார்பன்’ என்று அச்சடித்திருந்தாலும் இந்த ரகத்தில் கண்ணாடியிழை நிறையவே கலந்திருக்கும். பழகுகிறவர் கைக்கு அது நல்லதுதான். கொஞ்சம் கனம் கூடும், ஆனால் அடிபட்டாலும் சட்டென்று ஒடியாது. கார்பன் எவ்வளவு இருந்தாலும் அதில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்குக் கீழே ராடை நீட்டவே கூடாது, இடி இடித்தால் மடக்கி வைத்துவிட வேண்டும்.

இந்த ராடுகள் மீன் இழுத்து ஒடிவதைவிட, நீட்டும்போதும் மடக்கும்போதும்தான் அதிகம் ஒடிகின்றன. நீட்டும்போது நுனித் துண்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கைப்பிடி வரை வர வேண்டும். ஒவ்வொரு துண்டையும் இழுத்து, வளையங்களை ஒரே நேர்கோட்டில் வைத்து, லேசாகத் திருகினால் போதும். வீசி உதறி நீட்டினால் மூட்டுகள் இறுகிப்போகும். மடக்கும்போது கைப்பிடியை ஒட்டிய தடித்த துண்டு முதலில், நுனி கடைசியில். மூட்டு சிக்கிக்கொண்டால் இழுக்காதீர்கள். இரு பக்கமும் மூட்டுக்கு அருகிலேயே பிடித்துத் திருகுங்கள். சிக்குவதற்கு முக்கியக் காரணம் மணல். கைப்பிடியின் அடிமூடியைக் கழற்றி உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வெளியே வந்துவிடும்.

வாங்கியவுடன் வளையம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பஞ்சுத் துணுக்கை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு இழைபிரிந்து ஒட்டினால் உள்ளிருக்கும் பீங்கான் வளையத்தில் கீறல் இருக்கிறது. அந்த ராடை மாற்றி வாங்குவதே சரி. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல் ஒவ்வொரு வீச்சிலும் நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும்.

ரீல் விலைக்கு மேல் உழைக்கும். பெட்டியில் எத்தனை பேரிங் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். பார்க்க வேண்டியது டிராக், அதாவது மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடி: நரம்பைக் கையால் மெதுவாக இழுத்தால் தடையில்லாமல் சீராக வர வேண்டும். நின்று நின்று, வெடுக்கென்று வந்தால் மீன் பாயும் அந்த நொடியில் நரம்பு அறும். டிராக்கை நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். 4 கிலோ நரம்பென்றால் 1 முதல் 1.3 கிலோ. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நரம்பு நுனியில் மாட்டி இழுத்தால் அளவு தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வாஷர் நசுங்கிச் சீரான இழுவை போய்விடும்.

இனி நரம்பு. செட்டோடு வருவது நாள்பட்டுச் சுருள் படிந்திருக்கும், ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளையில்) பாதிதான் நிரம்பியிருக்கும். பாதி ஸ்பூலில் வீச்சு தூரம் போகாது, ஏனென்றால் நரம்பு விளிம்பில் உரசிக்கொண்டே வெளியேறுகிறது. அதை உருவி எறிந்துவிட்டு 0.25 மி.மீ. மோனோ (ஒற்றை இழை நரம்பு) சுற்றுங்கள். ஸ்பூலில் 0.25/160 என்றிருந்தால் அந்தத் தடிமனில் 160 மீட்டர் பிடிக்கும் என்று பொருள்.

சுற்றும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். நரம்பை முதல் வளையத்துக்குள் விட்டு, பெயில் கம்பியை (நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் வளைந்த கம்பி) திறந்துவைத்த பிறகே ஸ்பூலில் முடிச்சிட வேண்டும். மூடியபடி கட்டினால் ரீல் சுற்றும், நரம்பு ஏறாது. கடையில் வாங்கிய நரம்புச் சுருளைத் தரையில் படுக்கையாகப் போட்டு, ஈரத்துணியால் நரம்பைப் பிடித்தபடி 15 சுற்று சுற்றி நிறுத்துங்கள். தொய்வு விட்டதும் நரம்பு முறுக்கிக்கொண்டால் கடைச் சுருளை மறுபக்கம் திருப்பிப் போட்டுத் தொடருங்கள். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்திவிடுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் முதல் வீச்சிலேயே கொத்தாகச் சரிந்து சிக்கு விழும். அப்புறம் முறுக்கு ஏறுவது இரண்டு பழக்கங்களால்: வீசியபின் பெயிலைக் கையால் மூடாமல் கைப்பிடியைச் சுற்றி மூடுவது, மீன் டிராக்கில் நரம்பை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைச் சுற்றுவது. இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கும்.

டப்பாவில் தக்கையும், நரம்பு முறுக்காமல் தடுக்கும் சுழலியும் பயன்படும். முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் மழுங்கல். பெரும்பாலும் வழுக்கும். மண்புழு கோத்து ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் 8 அல்லது 10 எண், கெளுத்திக்கு 4 அல்லது 2 எண் முள் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். எண் கூடக் கூட முள் சிறிதாகும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உரசல் சூட்டில் நரம்பு அந்த இடத்திலேயே பலமிழக்கும். ஈயக்குண்டைக் குறடால் பலமாக நசுக்கினாலும் இதே கதைதான். தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும் அளவுக்கு ஈயம் சேருங்கள். முக்கால் தக்கை மிதந்தால் மீன் கனத்தை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். ரப்பர் மீன்களைத் தனிப் பையில் வையுங்கள், சில பிளாஸ்டிக் டப்பாக்களோடு ஒட்டி உருகிக் குழகுழவென்று ஆகிவிடும்.

விரால் பிடிக்க இந்த செட்டை எடுக்கவே வேண்டாம். பாசிக்குள் பாயும் விராலைத் தயங்காமல் வெளியே இழுக்கத் தடித்த ராடும் பின்னல் நரம்பும் வேண்டும். இந்த நுனி வளைந்து கொடுத்துக்கொண்டே இருக்கும், மீன் வேரில் சுற்றிக்கொள்ளும். ராடில் 10–30 கிராம் என்று அச்சிட்டிருந்தால் ஈயமும் இரையும் சேர்ந்து அதற்குள்தான் இருக்க வேண்டும்.

செட்டில் இல்லாதவை இரண்டு: கைவலையும் மூக்குக் குறடும். ஒரு கிலோ மீனையே ராடால் தூக்கிக் கரையில் போட்டால் நுனித்துண்டு போய்விடும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், திரும்ப விடப்போகும் சிறு மீனின் வாய் கிழியாமல் முள் கழலும். விடும் மீனை நனைந்த கையால்தான் தொட வேண்டும்.

திரும்பியதும் ராடை நல்ல தண்ணீரில் துடைத்து, முழுக்க நீட்டியபடியே ஓர் இரவு நிழலில் காயவிடுங்கள்.