தன் கேள்வியைத் தானே கேட்க ஒரு கருவி: பள்ளி நிருபர்களுக்கு சோனி ஐசிடி-பிஎக்ஸ்470

"கையில்தான் போன் இருக்கிறதே, தனியாக ஒரு ரெக்கார்டர் எதற்கு?" தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பள்ளிப் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கும் பிள்ளைகளின் வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பேச்சைப் பதிவது மட்டுமே வேலை என்றால் இன்றைய போனே போதும். ஆனால் பேட்டி நடுவே அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு நாளில் மாலை நான்கு மணிக்குள் சார்ஜ் தீர்ந்திருக்கும். குனிந்து போனைத் தொட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளையைப் பார்த்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்கு அது வாட்ஸ்அப் பார்க்கிறதோ என்றுதான் தோன்றும்; பேச்சு சுருங்கிவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. போனில் பதிந்ததை யாரும் திரும்ப முழுசாகக் கேட்பதில்லை. ரெக்கார்டரில் பதிந்ததைக் கேட்கிறார்கள். எழுதப் பழகுகிற பிள்ளைக்கு இந்தக் கருவி தரும் லாபம் அந்தத் திரும்பக் கேட்பதில்தான் இருக்கிறது.

முதலில் கருவி, அதாவது சோனி ஐசிடி-பிஎக்ஸ்470 என்ற குரல் ரெக்கார்டர். சட்டைப் பைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் உடல். இரண்டு டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும். உள்ளே 4 ஜிபி நினைவகம், பக்கவாட்டில் மைக்ரோ எஸ்டி கார்டுக்கு இடம். ஒரு சிறு கட்டையைத் தள்ளினால் யுஎஸ்பி முனை உடலுக்குள்ளிருந்தே வெளியே நீளும்; அப்படியே கம்ப்யூட்டரில் செருகலாம், கேபிளைத் தேட வேண்டியதில்லை. வெளி மைக்குக்கு ஒரு துளை, காதுக்கு ஒரு துளை. பதிவு, நிறுத்தம், குறியிடும் பொத்தான் எல்லாம் முகப்பிலேயே இருப்பதால் இருட்டிலும் விரல் பழகிவிடும்.

பதிவுத் தரத்தில் ஆசைப்பட வேண்டாம். எம்பி3 கோப்பை 128 கேபிபிஎஸ் தரத்தில் வைத்தால் உள்நினைவகத்தில் ஏறக்குறைய 60 மணி நேரம் பிடிக்கும். 192 வைத்தால் ஏறக்குறைய 40 மணி. பேட்டிக்கு 128 போதும். பள்ளி வானொலிக்கோ பாட்காஸ்டுக்கோ குரலை வெட்டி ஒட்டப் போகிறீர்கள் என்றால் 192. ஒலியைச் சுருக்காமல் அப்படியே பதியும் எல்பிசிஎம் என்ற முறை ஐந்து மணி நேரத்திலேயே நினைவகத்தை நிரப்பிவிடும். காவடியில் தவில் ஒலியைத் தனியாகப் பதியும் நாளைத் தவிர அதன் பக்கம் போகத் தேவையில்லை.

எங்கே தவறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் பேட்டியிலேயே இது நடக்கும். பதிவுப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் பதிவு ஓடும். அதையே மறுபடி அழுத்தினால் இடைநிற்கும். பதற்றத்தில் இரண்டு முறை அழுத்தும் பிள்ளை, முப்பது நிமிடம் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மூன்று விநாடிதான் இருக்கும். சிவப்பு விளக்கு சிமிட்டினால் நின்றிருக்கிறது. ஒரே சீராக எரிந்தால் ஓடுகிறது. விளக்கை மட்டும் நம்பாமல் திரையில் நேரம் நகர்கிறதா என்று பார்த்த பிறகே முதல் கேள்வியைக் கேட்க வேண்டும்.

பதிவு ஓடும்போது பக்கவாட்டுப் பூட்டை ஹோல்டுக்குத் தள்ளினால் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. பைக்குள் வைத்துப் பதியும்போது இது காப்பாற்றும். ஆனால் பூட்டினால் டி-மார்க் என்ற குறியிடும் பொத்தானும் வேலை செய்யாது. நல்ல வாக்கியம் ஒன்று காதில் விழுந்த கணத்தில் இதை அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும். பிறகு நேரே அங்கே தாவலாம். ஆகவே உட்கார்ந்து பேசும் பேட்டிக்குப் பூட்டாமல் மேசைமேல் வையுங்கள், கூட்டத்தில் நின்றுகொண்டு பதிந்தால் பூட்டுங்கள்.

குரல் வந்தால் மட்டும் பதியும் முறை ஒன்றும் இருக்கிறது. பேட்டிக்கு அதை அணைத்தே வையுங்கள். மெல்லப் பேசும் பெரியவர்களின் வாக்கியத்தில் முதல் சொல் வெட்டுப்பட்டுப் போகும். 'போகல' என்பதன் முன்னே இருந்த 'நான்' போனதா 'அவன்' போனதா என்று தெரியாமல் மேற்கோள் போட முடியாது. மௌனங்களும் அழிந்துவிடும்; மௌனம் எவ்வளவு தேவை என்பதைக் கீழே சொல்கிறேன்.

இடம் முக்கியம். கருவிக்கும் பேசுபவர் வாய்க்கும் இடையே ஒன்றரை முழத்துக்கு மேல் போகக்கூடாது. வெறும் மேசைமேல் வைத்தால் தம்ளர் வைக்கும் சத்தம் இடிபோல விழும். மடித்த கைக்குட்டைமேல் வையுங்கள். வெளியில், காற்றில், தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் வடிகட்டியைப் போட்டால் இரைச்சலின் அடித்தட்டு குறையும். கோயில் மேளத்தின் பக்கத்தில் எந்த அமைப்பும் உதவாது. பேசுபவரைச் சமையற்கூடத்தின் பின்பக்கம் வரச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

போனோடு வரும் காலர் மைக்கை இதில் செருகினால் சத்தமே வராமலோ மிக மெல்லியதாகவோ வரலாம். போன் மைக்கின் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். இத்தகைய ரெக்கார்டருக்கு இரண்டு வளையம் உள்ளது வேண்டும், இல்லாவிட்டால் அதற்கான இடைமுனை (அடாப்டர்) வேண்டும். வாங்குமுன் வளையத்தை எண்ணிப் பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் போட்டுவைத்தால் கடிகாரம் அழிந்துபோகும். கோப்பின் பெயரில் தேதிதான் முதலில் நிற்கும், அதனால் கடிகாரம் தவறினால் எந்தப் பேட்டி எது என்று தேடியே ஒரு சனிக்கிழமை போய்விடும். விடுமுறைக்கு எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கட்டாயம் கழற்றுங்கள், கசிந்தால் தகடு அரித்துவிடும். திரும்ப எடுத்ததும் முதல் வேலை கடிகாரம்.

இனி கருவி நிருபரை எப்படி வளர்க்கிறது என்பது. இருபது நிமிடப் பேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பதில்களை விட்டுவிட்டு, கேட்டவரின் கேள்விகளை மட்டும் அப்படியே, இழுத்த 'ம்ம்' உட்பட, நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி: 'ஆமா' 'இல்ல' என்று முடியக்கூடிய கேள்வியா? ஒன்றுக்குள் இரண்டு கேள்வியா? பதில் முடியுமுன் குறுக்கே விழுந்ததா? ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதைச் செய்த பிள்ளைக்குப் பத்து வகுப்புப் பாடம் தராதது கிடைக்கும். தன் குரலைத் தானே கேட்பது முதலில் கூச்சமாக இருக்கும்; இரண்டாவது பேட்டிக்குள் பழகிவிடும்.

கோயிலில் அன்னதானம் சமைக்கும் ஒரு அக்காவிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

"கூட்டம் அதிகமா இருந்துச்சா அக்கா?"
"ஆமாப்பா, ரொம்ப."
"கஷ்டமா இருந்துச்சா?"
"இல்லப்பா, அம்மன் வேலதானே."

இதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. தவறு அக்காவிடம் இல்லை. அடுத்த வாரம் அதே பிள்ளை இப்படிக் கேட்கிறது:

"எத்தன மணிக்கு அடுப்பு பத்த வெச்சீங்க? மொதல்ல எந்தப் பானை ஏறுச்சு?"
"மூணு மணிக்கு." இரண்டு விநாடி மௌனம். "பருப்புதான் மொதல்ல. அது வேகலேன்னா மத்ததெல்லாம் நிக்கும்."

இங்கேயும் ஒன்றுக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது; ஆனாலும் செய்தியின் முதல் பத்தி கிடைத்துவிட்டது. அந்த இரண்டு விநாடியைப் பாருங்கள். 'மூணு மணிக்கு' என்றதும் அடுத்த கேள்விக்குத் தாவியிருந்தால் பருப்பு வந்திருக்காது. பதில் முடிந்ததாகத் தோன்றிய பிறகு மனசுக்குள் மூன்று எண்ணச் சொல்லுங்கள். பதிவில் அந்த மௌனத்தைக் காதால் கேட்ட பிள்ளைக்குத்தான் அதன் மதிப்பு புரியும்.

எடுத்தெழுதுவதற்கும் ஒரு முறை வேண்டும். ஒரு மணி நேரப் பதிவை முழுசாக எழுதப் பழக்கமில்லாதவருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கும். பிள்ளைகள் சலித்துப்போய் நினைவிலிருந்து மேற்கோள் போடத் தொடங்குவது இங்கேதான். டி-மார்க் விழுந்த இடங்களை மட்டும், முன்னும் பின்னும் ஒரு நிமிடம் சேர்த்துக் கேட்டால் போதும். வேகத்தைக் குறைக்கும் வசதி இந்தக் கருவியின் சிறப்பு. குரலின் சுருதி பெரிதாகக் கெடாமல் மெதுவாக்கும். முக்கால் வேகத்தில் வையுங்கள். தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவி நடுவே ஒரு ஜூலுச் சொல்லும் போட்டுப் பேசும் தாத்தாவின் பேச்சு அந்த வேகத்தில்தான் பிரிந்து கேட்கும். பிடிபடாத இடத்தை, தொடக்கமும் முடிவும் குறித்துத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஏ-பி முறையில் சுற்றவிடலாம். அப்போதும் பிடிபடாவிட்டால் அவரிடமே போய்க் கேட்க வேண்டும், ஊகித்து எழுதக்கூடாது.

மேற்கோள் குறிக்குள் வருவது அவர் சொன்ன சொற்களாகவே இருக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் சொன்னதையும் பதினெட்டாவது நிமிடத்தில் சொன்னதையும் ஒரே வாக்கியமாக ஒட்டக்கூடாது. தமிழில் சொன்னதை ஆங்கிலப் பத்திரிகையில் போட்டால், தமிழில் சொன்னார் என்று எழுதுங்கள். 1903இல் இதே டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வெளிவந்தது. ஒருவர் எந்த மொழியில் பேசினார் என்பதும் இந்த ஊரில் செய்தியின் ஒரு பகுதிதான். அதை மறைக்கத் தேவையில்லை.

பதிவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கிறதா? தகவல்தொடர்பை இடைமறிப்பதை ஒழுங்குபடுத்தும், ரிகா என்று அழைக்கப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேச்சில் தானே ஒரு தரப்பாக இருப்பவர் அதைப் பதியலாம். இருந்தாலும் பள்ளி நிருபர் ஒளித்துப் பதியக்கூடாது. கருவியைக் கண்ணில் படும்படி வைத்து, ஓட விட்டு, "பதிவு பண்ணிக்கலாமா?" என்று கேட்டு, அவர் 'சரி' சொல்வதும் பதிவிலேயே இருக்க வேண்டும். பெயர், எழுத்துக்கூட்டு, வயது, பொறுப்பு எல்லாவற்றையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கோவிந்தர், கவுண்டன், பிள்ளை என்ற பெயர்களை ஒவ்வொரு குடும்பமும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு விதமாக எழுதுவதால் எழுத்துக்கூட்டுப் பிழை எளிதில் வரும்.

பள்ளிப் பத்திரிகையில் பேட்டி தருபவர்களில் பலர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். தென்னாப்பிரிக்கப் பிரஸ் கவுன்சிலின் விதிமுறை, செய்தியால் தீங்கு வர வாய்ப்பு இருந்தால், காப்பாளரோ பொறுப்புள்ள ஒரு பெரியவரோ சம்மதிக்காமல் சிறுவரைப் பேட்டி எடுக்கவோ அடையாளம் காட்டவோ கூடாது என்கிறது. பள்ளிப் பத்திரிகை அந்தக் கவுன்சிலில் உறுப்பினராக இல்லாவிட்டாலும் இதைப் பின்பற்றுவதே சரி. ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோர் சம்மதத் தாளை வாங்கி வைத்தால் கடைசி நாளில் அலைய வேண்டாம். யாரையாவது குறைசொல்லும் செய்தி என்றால் அச்சேறுமுன் அவர் தரப்பையும் கேட்க வேண்டும். அந்தப் பதிலையும் இதே கருவியில் பதியுங்கள்.

குறைகள் என்று பார்த்தால், பதிந்ததைத் தானாக எழுத்தாக்காது. நீளும் யுஎஸ்பி முனை பழைய அகல வகை. டைப்-சி துளை மட்டும் உள்ள லேப்டாப்புக்கு இடைமுனை வாங்க வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி போடலாம், ஆனால் சார்ஜர் தனியாக வேண்டும். திரை சிறியது, மெனு ஆங்கிலத்தில். பெரிய பேட்டிக்குப் போனையும் ஃபிளைட் மோடில் போட்டு இரண்டாவது பதிவாக ஓட விடுங்கள். எந்தக் கருவியும் ஒரு நாள் கைவிடும்.

பிள்ளைக்கு ஒன்று வாங்கத் தேவையில்லை. ஆசிரியர் குழுவுக்கு இரண்டு போதும். ஒரு நோட்டில் எடுத்தவர், தேதி, பேட்டி தந்தவர், கோப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றா என்று நான்கு பத்தி போட்டு, கடைசிப் பத்தி நிரம்பாமல் அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். பணமே இல்லையென்றால் போனை ஃபிளைட் மோடில் வைத்து, மேலே சொன்ன கேள்விப் பயிற்சியைச் செய்யுங்கள். அதற்குக் கருவி தடையில்லை.

பழையது கிடைத்தால் வாங்கலாம். பேட்டரி மூடியைத் திறந்து தகட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி முனையைப் பத்து முறை வெளியே தள்ளி உள்ளே இழுங்கள், ஆடினால் வேண்டாம். கடைக்காரரிடம் ஒரு நிமிடம் பேச்சுக்கொடுத்துப் பதிந்து, காதில் இயர்போன் போட்டு, அங்கேயே நின்று முழுசாகக் கேளுங்கள்.