கீல் இணைப்பைப் பூசி மெழுகியதற்கு 6,800 வெள்ளி

சிங்கப்பூரில் பாய்மரப் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்போம். அந்தச் சிலருக்காகத்தான் இந்தப் பதிவு. படகைப் பழுதுபார்க்கக் கொடுத்த யார்டின் பெயரைக் கேட்காதீர்கள். வெளியில் சொல்வதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஏன் என்பது பிறகு.

எங்களுடையது 27 அடிப் பழைய படகு. நானும் ஒரு நண்பரும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். அடியில் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வார்ப்பிரும்புக் கீல் (keel), அதாவது படகு கவிழாமல் பிடித்து நிறுத்தும் கனத்த துடுப்பு, ஆறு போல்ட்டுகளில் தொங்குகிறது. தமிழில் கீல் என்றால் மூட்டு, படகுக்குப் பூசும் தாருக்கும் அதே பெயர்தான். எங்கள் படகுக்கு வந்ததும் ஒருவகைக் கீல்வாயுதான். கேத்தாம் தீவுப் பக்கம் தண்ணீர் வற்றிய நேரத்தில் போய்த் தரைதட்டினோம். சேறுதானே என்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அடிப்பக்கப் பெயிண்டுக்காகக் கரையேற்றியபோது பார்த்தால், ஃபைபர் உடலும் இரும்பும் சேரும் இடத்தில், முன்முனையில், வாய் திறந்து இளிப்பதுபோல் ஒரு விரிசல். அதிலிருந்து துருநீர் வழிந்த தடம். உள்ளே அடித்தளத்தில் தேங்கியிருந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

யார்டில் பேசிய மேற்பார்வையாளர் தமிழர். அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன். "கீலைக் கழட்டி இறக்கி, பழைய சீலண்டைச் சுரண்டி, போல்ட்டெல்லாம் பாத்து, புதுசா சீல் பண்ணித் தர்றோம் பாஸ், கவலைப்படாதீங்க" என்றார். 6,800 வெள்ளி, பாதி முன்பணம். காகிதத்தில் இருந்ததோ "கீல் இணைப்புப் பழுதுபார்ப்பு" என்ற ஒரே வரி. வாயால் சொன்ன நாலு வேலையையும் எழுதித் தரச் சொல்லியிருக்க வேண்டும். நம்மாளிடம் போய்க் கறாராகக் கேட்பதா என்று கூச்சம். செவ்வாய்க்கிழமை படகைக் கொடுத்தோம். வியாழன் மாலை, கீல் தனியாக நிற்கும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. வெள்ளிக்கிழமை படகு தண்ணீரில். என்ன வேகம் என்று நண்பரிடம் மெச்சிக்கொண்டேன்.

அந்த வேகம்தான் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். இந்த வேலையை அவசரப்படுத்தவே முடியாது. நட்டுகளைக் கழற்றினாலும் கீல் தானாக விழாது, தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பசையான பழைய சீலண்ட் அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கும். கத்தியாலும் கம்பியாலும் அறுத்து, ஆப்பு அடித்துப் பிரிக்க வேண்டும். பிறகு கிரேன் படகை மட்டும் மேலே தூக்க, கீல் கீழேயே நிற்கும். நடுவில் வெளிச்சம் தெரியும். இரண்டு முகங்களையும் சுத்தமாகச் சுரண்டி, துருவை எடுத்து, எபாக்ஸி பூசி, பாலியூரித்தேன் சீலண்டைத் தாராளமாக வைத்துப் படகை இறக்கினால் நாலு பக்கமும் சீலண்ட் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடம் என்றால் உள்ளே காலி என்று அர்த்தம். அந்த சீலண்ட் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் அவ்வளவு அகலமான இணைப்பின் நடுவரை இறுக நாட்கள் பிடிக்கும். நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, படகு தயாரித்தவர்கள் சொன்ன அளவுக்கு, படிப்படியாக முறுக்க வேண்டும். இதெல்லாம் மூன்று நாளில் எங்கே நடக்கும்? எனக்கு இதெல்லாம் பணம் போன பிறகு வந்த ஞானம்.

நாலு மாதத்தில் அதே இடத்தில் அதே இளிப்பு. வேறொரு இடத்தில் கரையேற்றி, கட்டைவிரல் நகத்தால் விரிசல் ஓரத்தைக் கீறினேன். மேலே அடைத்திருந்த பட்டி அப்பளம்போல் பெயர்ந்தது. அதற்கடியில் கழுவுதொட்டி ஓரத்தில் வைப்பதுபோல் சிலிக்கான், இழுத்ததும் ரப்பர் நாடாவாக உரிந்து வந்தது. அதற்கும் அடியில் பழைய கறுப்புச் சீலண்ட் அசையாமல் அப்படியே இருந்தது. உள்ளே போய் டார்ச் அடித்தால், ஆறு நட்டுகளின் மேலும் பல வருடத்து வெள்ளைப் பெயிண்ட். ஒன்றில்கூட ஸ்பானர் பட்ட கீறல் இல்லை. அந்த நட்டுகளை யாரும் தொடவே இல்லை.

அப்போதுதான் நண்பர் அந்த வாட்ஸ்அப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். படத்தில் இருந்த கீலின் அடியில் குமிழ், அதாவது எடைக்காகக் குண்டாக உருண்ட முனை, இருந்தது. எங்கள் கீலுக்குக் குமிழே கிடையாது.

சில ஆயிரம் வெள்ளிக்கு இவ்வளவு புலம்பலா என்று தோன்றலாம். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற படகு கீல் கழன்று கவிழ்ந்தது, அதில் இருந்த நால்வரும் போய்விட்டார்கள். முன்பு தரைதட்டியதும் அதற்குப் பார்த்த பழுதுகளும் சேர்ந்து படகைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது பிரிட்டனின் விபத்து விசாரணை அறிக்கை. என் மகளை அந்தப் படகில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை லாசரஸ் தீவுக்குக் கூட்டிப்போனேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, "கிரேன்ல தூக்குனப்ப கீல் கெட்டியாத்தான் இருந்துச்சு பாஸ், அதான் கழட்டல" என்றார். அப்படியானால் அந்தப் படம்? அதற்குப் பதில் இல்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக வழக்குப் போட்டேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்க முடியாது, தேவையும் இல்லை. எங்கள் தொகைக்குக் கட்டணம் 20 வெள்ளிதான். நட்டுகளின் படம், குமிழ்ப் படம், உரித்தெடுத்த சிலிக்கான் நாடா எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தது கைகொடுத்தது. விசாரணை வரை போகாமலே 4,500 வெள்ளி திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள், பெயரை வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. முழுதாக வாங்கியிருக்கலாம் என்று நண்பருக்கு இன்னும் மனக்குறை. எனக்கு அலைய நேரமில்லை.

இரண்டாவது யார்டில் பன்னிரண்டு நாள் ஆனது. கீல் பிரிந்தபோது நானே அங்கே நின்று அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தேன். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக மரையிலிருந்து கழற்றினார்கள். மேலே நட்டு இருந்த இடமெல்லாம் பளபள எவர்சில்வர். இணைப்புக்குள் புதைந்திருந்த பாகத்தில், காற்றுப் படாமல் உப்புத்தண்ணீர் தேங்கி அரித்து, முன்பக்கத்து இரண்டும் உடுக்கைபோல் இடை ஒடுங்கியிருந்தன. இரண்டையும் மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள்.