பிரசவமான வீட்டில் பி.பி. மெஷினும் குறுஞ்செய்தியும்: ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மேற்கு ஃபிலடெல்ஃபியாவில் சமூக டூலாவாக இருக்கிறேன். கர்ப்ப காலத்திலும் பிரசவ அறையிலும் அதற்குப் பிறகு வீட்டிலும் தாய்க்குத் துணையாக இருப்பதுதான் வேலை, மருத்துவம் பார்ப்பது இல்லை. நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அவர்களுக்கென்று சொல்லி ஆப், கடிகாரம், கைவளை என்று எத்தனையோ வந்தாயிற்று. இத்தனை நாள் கூடவே இருந்து பார்த்ததில் தயங்காமல் நான் பரிந்துரைப்பது ஒன்றைத்தான்: வீட்டில் வைத்துக்கொள்ளும் சாதாரண பி.பி. மெஷின், அந்த எண்ணைக் கேட்டு வரும் குறுஞ்செய்தி, எண் மோசமாக இருந்தால் உடனே போன் செய்யும் ஒரு நர்ஸ். மூன்றும் சேர்ந்தால்தான். மெஷினை மட்டும் பையில் போட்டு அனுப்புவது வீண்.

பி.பி.யில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், பிரசவத்துக்குப் பிறகும் அது ஏறி உயிரைப் பறிக்கலாம். அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு ஒரு லட்சம் பிரசவத்துக்கு 50.3 கறுப்பினத் தாய்மார்கள் இறந்தார்கள், வெள்ளையர்களில் அது 14.5. கர்ப்பத்தால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் பிரசவமாகி ஒரு வாரம் கழித்து, ஒரு வருடத்துக்குள் நடப்பவை, அதாவது ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்த பிறகு. 80 சதவீதத்துக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை என்று அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியே சொல்கிறது. படிப்பும் பதவியும் இதிலிருந்து காப்பாற்றுவதில்லை. ஷலோன் இர்விங் அதே சிடிசியில் வேலை பார்த்த நோய்ப்பரவல் ஆய்வாளர். 2017 ஜனவரியில் பெண் குழந்தை பெற்றார், மூன்று வாரம் கழித்து உயர் ரத்த அழுத்தச் சிக்கலால் இறந்தார், வயது 36. அந்த மூன்று வாரமும் உடம்பு சரியில்லை என்று திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போய்க்கொண்டுதான் இருந்தார்.

இந்தக் குறுஞ்செய்தி முறை எங்கள் ஊரிலேயே, பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவானது. ஹார்ட் சேஃப் மதர்ஹுட் என்று பெயர். கர்ப்பத்தில் பி.பி. ஏறியவர்களுக்குப் பிரசவமான ஒரு வாரம், பத்து நாளுக்குள் மறுபடி பார்த்தாக வேண்டும். ஆனால் பச்சை உடம்போடு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, கை நீட்டி பி.பி. பார்ப்பதற்காக மட்டும் யார் போவார்கள்? 2018இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், நேரில் வரச் சொன்னவர்களில் முதல் பத்து நாளில் பி.பி. கிடைத்தது 44 சதவீதத்தினரிடம்தான், குறுஞ்செய்தியில் கேட்டவர்களிடம் 92. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த எண். நேரில் வரச் சொன்னபோது கறுப்பினப் பெண்களில் மூன்றில் ஒருவர்தான் வந்தார், மற்றவர்களில் 70 சதவீதம். குறுஞ்செய்தியில் இரு தரப்பும் 90ஐத் தாண்டிவிட்டது. "இவர்கள் பொறுப்பில்லாதவர்கள், வரச் சொன்னால் வருவதில்லை" என்று காலங்காலமாகச் சொல்லிவந்த பழி ஒரு குறுஞ்செய்தியில் உடைந்துபோனது.

நான் கூட இருந்து பார்ப்பது இதே மாதிரி நடக்கும் இன்னொரு திட்டம். காலையில் ஒரு செய்தி, பிற்பகலில் ஒரு செய்தி. எண்ணை அப்படியே டைப் செய்து அனுப்பினால் போதும். ஆப் இறக்க வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், பழைய போனும் போதும், டேட்டா தீர்ந்த மாதக் கடைசியிலும் வேலை செய்யும். புளூடூத்தில் தானாக எண்ணை அனுப்பும் மெஷின்களும் இந்த வீடுகளுக்கு வந்தன. இணைப்பு ஒருமுறை அறுந்ததும் அவை அலமாரிக்குப் போய்விட்டன. தூக்கமில்லாத ஒருத்தியிடம் செட்டிங்ஸைத் திறந்து பார் என்று சொல்லும் எதுவும் நிலைக்காது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிரசவமாகி ஆறாம் நாள். குழந்தையின் பாட்டி அடுக்களையில் இருக்கிறார், தாய் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு, தூக்கமில்லாததால்தான் தலைவலி என்கிறாள். செய்தி வந்தது. காலைத் தரையில் பதித்து, முதுகைச் சாய்த்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து எடுத்தோம். 164/108. மறுபடி எடுத்தால் மேல் எண் 162. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டார், கண் மங்கலாகத் தெரிகிறதா, விலாவுக்குக் கீழே வலிக்கிறதா என்று இரண்டே கேள்வி, உடனே எமர்ஜென்சிக்குப் போ என்றார். அங்கே வரவேற்பு மேஜையில் இருந்தவர், தலைவலிதானே, உட்காருங்கள் என்றார். அவள் போனை நீட்டினாள். பிரசவமாகி ஆறு நாள், இதோ இந்த வாரம் முழுக்க என் பி.பி., இதோ வரச் சொன்ன நர்ஸ் அனுப்பிய செய்தி. அதற்கப்புறம் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

என் கண்ணில் இந்த முறையின் பெரிய பலம் அதுதான். வாயால் சொன்னதை நம்பாதவர்கள், தேதியும் நேரமும் போட்ட எண்ணைத் தள்ளிவிட முடிவதில்லை. ஒரு பெண்ணின் வலியை நம்ப எண் எதற்கு என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அன்று அந்த எண் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை, மெஷினோடு கையில் சுற்றும் பட்டை. எல்லோருக்கும் ஒரே அளவு பட்டை வந்தது, பருத்த கைக்கு அது சிறியது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் எண் சராசரியாக 20 வரை கூடுதலாகக் காட்டும் என்று 2023இல் ஓர் ஆய்வு வந்தது. வீணாக எமர்ஜென்சிக்கு ஓடவிட்டால், அடுத்த முறை நிஜமாகவே ஏறும்போது அந்தப் பெண் போவாளா? இப்போது நான் அளவுநாடாவோடுதான் போகிறேன். அப்புறம், ப்ரீபெய்ட் போன் நம்பர் மாறினால் ஆள் காணாமல் போய்விடுகிறார், இரண்டாவது நம்பராகப் பாட்டியுடையதை வாங்கிக்கொள்வது நல்லது. பத்து நாளில் செய்திகள் நின்றுவிடுவதும் எனக்கு உறுத்தல்தான், ஆபத்து பத்து நாளோடு முடிவதில்லையே.

ஆப்களில் நான் தொடர்ந்து சொல்வது இர்த். பத்திரிகையாளர் கிம்பர்லி சீல்ஸ் ஆலர்ஸ் 2021இல் கொண்டுவந்தது. கறுப்பின, பழுப்பு நிறப் பெண்கள் தாங்கள் பிரசவித்த ஆஸ்பத்திரியையும் மருத்துவரையும் பற்றி எழுதலாம், தேடிப் படிக்கலாம். வலி என்று சொன்னபோது காது கொடுத்தார்களா என்பது போன்ற விஷயங்கள் வேறெந்த தரவரிசையிலும் கிடைப்பதில்லை. அதனால் பிரசவித்த ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லிக் கேட்கிறேன், எழுதினால்தான் அடுத்தவளுக்குப் பயன். ஷலோனின் அம்மா தொடங்கிய அமைப்பின் பிலீவ் ஹெர் ஆப்பில் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளலாம். நடுராத்திரியில் பேச ஆள் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

எந்தக் கருவியையும் கறுப்பினப் பெண்களைக் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. முதல் பிரசவம் சிசேரியன் ஆனவருக்கு அடுத்தது சுகப்பிரசவமாகுமா என்று கணக்கிடும் கால்குலேட்டர், கறுப்பினத்தவர் என்று போட்டாலே வாய்ப்பைக் குறைத்துக் காட்டியது. இனக் கேள்வியை எடுத்துவிட்ட வடிவம் 2021இல்தான் வந்தது.

அமெரிக்காவில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் நம் பெண்களுக்கும் இது பொருந்தும் என்பதால் சொல்கிறேன். டிஸ்சார்ஜுக்கு முன் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: மெஷின் இன்சூரன்ஸில் வருமா, என் கை அளவுக்குப் பட்டை உண்டா, ராத்திரி இரண்டு மணிக்கு 160 வந்தால் எந்த நம்பரில் யார் எடுப்பார்கள். மூன்றாவதற்குச் சரியான பதில் வரும்வரை கிளம்பாதீர்கள்.